சூரியன் குறுக்கே வந்த ஏழு நிமிடம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை முற்பகல், துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அதுவாகவே வந்து என் வீட்டு அழைப்புமணியை அடித்தது. கதவைத் திறந்தால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கையில் சுருட்டிய ஒரு தாள். யாரோ வாசகி என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தொரு நாவல் எழுதியவளைத் தேடி வாரத்துக்கு ஒரு வாசகியாவது வருவாள் என்று நீங்கள் நினைத்தால் உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். இத்தனை வருடத்தில் வந்தது இரண்டே பேர். அதில் ஒருத்தி பக்கத்து வீட்டு முகவரியைத் தேடி வந்தவள்.

இவள் இரண்டு மணி நேரம் பேசினாள். நான் கொடுத்த தேநீர் ஆறி ஆடை கட்டியது. எழுந்து போகும்போது என்னிடம் ஒன்று கேட்டாள். அதைக் கடைசியில் சொல்கிறேன். ஏன் என்னைத் தேடி வந்தாள் என்பதை ஐந்தாம் பகுதியில் சொல்லிவிடுகிறேன். அதற்குமுன் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நான்கு பகுதிகள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று வியாழக்கிழமை. மணி பதினொன்று ஐந்து. மதியம் இரண்டு பத்துக்குள் இதை எழுதி முடித்தாக வேண்டும். வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதியே வயிறு வளர்த்தவள் நான். மூன்று மணி நேரம் எனக்குத் தாராளம்.

2

முதல் தொடக்கம்:

“பூமிக்கு மேலே முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில், இருளின் மடியில், உறக்கம் அறியாத ஒரு காவலன்”

[அடித்துவிட்டேன். காவலனாம், மடியாம். அது ஒரு பெட்டி. இரண்டு பக்கமும் தகடு விரித்த பெட்டி.]

இரண்டாம் தொடக்கம்:

“ராணுவத் தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் என்பது, பூமி சுற்றும் வேகத்துக்குச் சரியாகத் தானும் சுற்றுவதால், கீழே இருந்து பார்ப்பவர்களுக்கு வானத்தில் ஒரே இடத்தில் ஆணியடித்தாற்போல நிற்பது. மலைக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது. நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குக் கரை கேட்காது. எல்லோரும் மேலே பார்த்துப் பேசுகிறார்கள். பெட்டி வாங்கி, சேர வேண்டிய இடத்துக்குத் திருப்பித் தருகிறது. பேசுவதெல்லாம் பூட்டிய பேச்சு, சாவி இல்லாதவன் காதில் வெறும் இரைச்சல்தான் விழும். இந்தப் பெட்டி ஒரு நாள் வாயை மூடிக்கொண்டால் கப்பலுக்கும் விமானத்துக்கும் முகாமுக்கும் ஒருவரையொருவர் தெரியாமல் போகும். ஒரு நாட்டின் பாதுகாப்பு”

[பாடப்புத்தகம். ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும். அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். நான் பத்தாவதில் அறிவியலில் தட்டுத்தடுமாறித் தேறியவள்.]

மூன்றாம் தொடக்கம்:

“டிகிரி தன் நாற்காலியில் உட்கார்ந்தபோது மணி ஒன்று முப்பது.”

இது போதும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

டிகிரி தன் நாற்காலியில் உட்கார்ந்தபோது மணி ஒன்று முப்பது.

டிகிரி என்பது அவளுக்கு வேலையிடத்தில் வைத்த பட்டப்பெயர். தரைநிலையத்தில் பொறியாளர். வானத்தைப் பார்த்து நிற்கும் பெரிய கிண்ண ஆன்டெனாவை மயிரிழை பிசகாமல் பெட்டியின் பக்கம் திருப்பி வைத்திருப்பது பதினெட்டு வருடமாக அவள் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. யாராவது சோபாவில் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் “ரெண்டு டிகிரி தள்ளு” என்பாள். தம்பியின் கல்யாணப் புகைப்படத்தில் மாப்பிள்ளையின் தலையைக்கூட ஒரு டிகிரி சாய்க்கச் சொன்னவள்.

அவள் மேசையில் நான்கு திரைகள். ஒவ்வொரு முகாமுக்கும் இரண்டு பட்டைகள் ஓடும். ஒன்று வேலைப் பேச்சு. அதில் என்ன பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது, எவ்வளவு பேசுகிறார்கள் என்று மட்டும் தெரியும். பேச்சு கூடினால் பட்டை உயரும், குறைந்தால் தாழும். இன்னொன்று வீட்டு லைன். மலைமேல் முகாம்களில் இருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு முறை, ஆளுக்குப் பத்து நிமிடம், வீட்டோடு பேசிக்கொள்ள ஒதுக்கிய சின்ன ஓரம் அது.

அந்த லைனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு முகாமில் யாராவது இறந்துபோனால், அந்த முகாமின் வீட்டு லைனை உடனே மூடிவிடுவார்கள். இறந்தவரின் வீட்டுக்கு அதிகாரிகள் நேரில் போய்ச் சொல்லும்வரை அது திறக்காது. முகாமில் இருக்கும் இன்னொருவன் தன் பெண்டாட்டியிடம் வாய்தவறிச் சொல்லி, அவள் தோழியிடம் சொல்லி, கடைசியில் பெற்றவள் காதில் காய்கறிக் கடையில் போய் விழக்கூடாது என்பதற்காக. இரக்கத்தில் வந்த வழக்கம்தான். தரைநிலையத்தில் இதற்கு ‘வாய்ப்பூட்டு’ என்று பெயர். வெளியாட்கள் யாருக்கும் இது தெரியாது. [செவ்வாய்க்கிழமைவரை எனக்கும் தெரியாது.]

இன்னொரு விதியும் உண்டு. ஒரு முகாமில் உறவினர் இருந்தால் அந்த முகாமின் பட்டைகள் உங்கள் மேசைக்கு வராது. அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. டிகிரியின் தம்பி எட்டாம் முகாமுக்கு மாற்றலாகி ஐந்து மாதமாகியிருந்தது. படிவம் அவள் இழுப்பறையில் அப்படியே கிடந்தது. வியாழக்கிழமைதோறும் இரண்டு முப்பதுக்கு எட்டாம் முகாமின் வீட்டு லைன் பச்சையாகும். தம்பி வீட்டுக்குப் பேசுகிறான் என்று அர்த்தம். அந்தப் பச்சையைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பதற்காக அவள் அதை நிரப்பவில்லை.

(இந்த இடத்தில் அவள்மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். எழுதுவதற்கு முன்பே ஒரு தடவை வந்தது. நிற்கவில்லை.)

4

இப்போது சூரியனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பகலும் இரவும் சமமாக வரும் நாட்களை ஒட்டி, வருடத்துக்கு இரண்டு முறை, சில நாட்கள், சூரியன் நேராகப் பெட்டிக்குப் பின்னால் போய் நிற்கும். அப்போது தரைநிலையத்துக் கிண்ணத்துக்குப் பெட்டியின் குரல் கேட்காது, சூரியனின் இரைச்சல்தான் கேட்கும். சில நிமிடங்கள்தான். எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். அதில் ரகசியம் எதுவும் கிடையாது. அந்தப் பட்டியலைப் போடுவது டிகிரி. அவள் கணக்கு இதுவரை தப்பியதில்லை.

ஒரு பிரதியைத் தம்பி மனைவிக்கும் கொடுத்திருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண் அதை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தாள். அந்த வியாழக்கிழமைக்கு நேரே எழுதியிருந்தது: 2.31 முதல் 2.38 வரை. தம்பியின் பத்து நிமிடத்தைச் சூரியன் தின்றுவிடும். அதனால் டிகிரி இரண்டு வாரம் முன்பே தம்பியிடம் சொல்லியிருந்தாள்: “அன்னைக்கு மட்டும் யார்கிட்டயாவது மாத்திக்கடா. ரெண்டு பத்துக்காரன் யாருன்னு பாரு.” அவனும் மாற்றிக்கொண்டான்.

அன்று ஒன்று ஐம்பத்திரண்டுக்கு எட்டாம் முகாமின் வேலைப் பட்டை துள்ளி எழுந்தது. முன்னுரிமைக் குறி சிவப்பு. டிகிரிக்கு வார்த்தை தெரியாது, ஆனால் பதினெட்டு வருடத்தில் பட்டையின் சுபாவம் தெரியும். ஹெலிகாப்டரைக் கூப்பிடுகிறார்கள். மற்ற முகாம்களின் பங்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து எட்டாம் முகாமின் குரலை வலுவாக்கினாள். அவள் கை நடுங்கவில்லையாம். அதை என்னிடம் ஒரு குற்றம்போலச் சொன்னாள்.

இரண்டு நான்குக்கு உத்தரவு வந்தது. எட்டாம் முகாம், வீட்டு லைன், மூடு.

மூடினாள்.

இரண்டு பதினாலுக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. தம்பி மனைவி.

“அக்கா, என்னாச்சு? ரெண்டு பத்து தாண்டிடுச்சு. போன் அடிக்கவே இல்ல.”

“சூரியன்மா. குறுக்க வந்துடுச்சு. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்.”

“இப்பவா?”

“ஆமா.”

“அக்கா, நீங்க குடுத்த தாள் கண்ணு முன்னாடி இருக்கு. ரெண்டு முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு.”

“கணக்கு கொஞ்சம் முன்னப்பின்ன ஆயிருக்கும்.”

“உங்க கணக்கா?”

சொல்லக் கூடிய ஒரே பொய்யை டிகிரி பதினேழு நிமிடம் முன்னதாகச் சொல்லிவிட்டாள். அந்தப் பொய்யைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான்.

“அக்கா, அவரா?”

“தெரியாதும்மா. சத்தியமா எனக்குத் தெரியாது.”

“ஆனா யாரோ ஒருத்தர். இல்ல?”

டிகிரி வைத்துவிட்டாள். ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்ற அந்தப் பெண் அதற்கப்புறம் மூன்றரை மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை என்று பிறகு தெரிந்தது.

இரண்டு முப்பத்தொன்றுக்குச் சூரியன் வர வேண்டும். அந்த நேரத்தில் வேலைப் பேச்சு அறுந்துவிடக் கூடாது. அதனால் வேறொரு ஊரில் இருக்கும் இன்னொரு தரைநிலையத்திடம் அதை ஒப்படைக்க வேண்டும், ஏழு நிமிடம் கழித்துத் திரும்ப வாங்க வேண்டும். ஒரு சொல்கூடச் சிந்தாமல் ஒப்படைத்தாள். அப்புறம் அந்த ஏழு நிமிடமும் அவளுக்கு வேலை எதுவும் இல்லை. திரைகளில் வெறும் இரைச்சல். எழுந்து வெளியே போனாள்.

சூரியன் நேர்பின்னால் நிற்கும் அந்த நேரத்தில், கிண்ணத்தின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும், குரலை வாங்கும் முனையின் நிழல் கிண்ணத்தின் நட்டநடு மையத்தில் போய் விழுமாம். கணக்கு சரி என்பதற்கு அதுதான் அத்தாட்சி. வருடத்தில் சில நாட்கள் ஊழியர்கள் தேநீர் டம்ளரோடு வந்து நின்று அதை வேடிக்கை பார்ப்பார்கள். அன்று அவள் மட்டும் நின்றாள். நிழல் மையத்தில் விழுந்தது. அப்போது அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டதை என்னிடம் அப்படியே சொன்னாள்:

“யாரா வேணா இருக்கட்டும். என் தம்பியா மட்டும் இருக்க வேணாம். வேற யாராவது. வேற யாராவது.”

இரண்டு முப்பத்தெட்டுக்கு லைனைத் திரும்ப வாங்கினாள். பட்டை தாழ்ந்திருந்தது. அவசரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஐந்து நாற்பதுக்கு வீட்டு லைனைத் திறக்க உத்தரவு வந்தது. எட்டாம் முகாம் பச்சையானது. இரண்டாவது நிமிடத்தில் தம்பி மனைவி கூப்பிட்டாள். அழுகைக்கு நடுவே ஒரே வார்த்தை.

“பேசிட்டார்க்கா.”

டிகிரி சிரித்தாள். வாய்விட்டு, அறையில் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

5

(மணி பன்னிரண்டு இருபது. சொன்ன பகுதி வந்துவிட்டது.)

அந்த வேறு யாரோ, நான் பெற்ற பிள்ளை.

வாக்கியம் சின்னதாகத்தான் இருக்கிறது. இதைத் தள்ளிப்போட நான்கு பகுதி எழுதினேன். முப்பத்தொரு நாவலில் எத்தனையோ சாவை எழுதியிருக்கிறேன், ஒன்றுக்கும் இவ்வளவு சுற்றி வந்ததில்லை.

எதிரி யாரும் சுடவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து நான்கு பேர் ரோந்து போனார்கள், பனி சரிந்தது. மூன்று பேரைத் தோண்டி எடுத்து, ஹெலிகாப்டரில் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அது அத்தனை சீக்கிரம் வந்து சேர்ந்ததற்குப் பெட்டியும் டிகிரியின் நடுங்காத கையும்தான் காரணம். மூன்று வீடுகள் அவளைக் கும்பிட வேண்டும். நியாயம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா, அதையும் எழுதி வைக்கிறேன்.

என் வீட்டில் அன்று இரண்டு பத்திலிருந்து தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பத்துதான் என் மகனின் நேரம். மூன்று மணி ஆனது, நான்கு ஆனது. ஐந்து பத்துக்குச் சீருடையில் இரண்டு பேர் வந்தார்கள். லைன் பழுது பார்க்க வந்தவர்கள் என்றே நினைத்தேன். வாசலில் நிறுத்தி வைத்து விளாசித் தள்ளினேன். “மூணு மணி நேரமா லைன் இல்ல. வாரத்துல பத்தே நிமிஷம் குடுக்கறீங்க, அதையும் ஒழுங்கா குடுக்கத் துப்பில்ல. உங்க மேலதிகாரி நம்பர் குடுங்க.” அவர்கள் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்க நின்ற பிறகுதான் பெரியவர் தொப்பியைக் கழற்றினார்.

அதற்குச் சரியாக அரை மணி நேரம் கழித்து அங்கே பச்சை விளக்கு எரிந்தது. எனக்குச் சொல்லியாகிவிட்டது என்பதால் அது திறந்தது. டிகிரி சிரித்தாள்.

ஆறு மாதம் அந்தச் சிரிப்பை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அதைச் சொல்லத்தான் செவ்வாய்க்கிழமை வந்தாள். படிவத்தைப் பற்றி அவளே மேலிடத்தில் சொல்லிவிட்டாளாம். இப்போது பட்டைகள் இல்லாத ஒரு அறையில், சூரியப் பட்டியல் மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

6

ஆனால் சிரிப்பு மட்டும் என்றால் நான் தேநீரைச் சுடவைத்துக் கொடுத்து அனுப்பியிருப்பேன். அவள் சொன்னதில் இன்னொன்று இருந்தது.

அந்த முகாமில் ஒரு ஏற்பாடு. முன்நேரம் பேசுகிறவர்கள் முகாமிலேயே இருப்பார்கள். இரண்டு முப்பதும் அதற்குப் பிறகும் பேசுகிறவர்கள் ரோந்து போய்விட்டு வந்து பேசுவார்கள். டிகிரியின் தம்பிக்கு இரண்டு முப்பது. வழக்கப்படி ரோந்து போக வேண்டியவன் அவன். என் மகனுக்கு இரண்டு பத்து. வழக்கப்படி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் இவன்.

சூரியன் குறுக்கே வரும் என்று அக்கா சொன்னாள். தம்பி என் மகனிடம் கேட்டான். அவன் கொடுத்துவிட்டான்.

என் மகனுக்கு முகாமில் பட்டப்பெயர் ‘ஸ்பேர்’ என்பதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எதையும் இரண்டாக வைத்திருப்பானாம். காலுறை, பேட்டரி, ஊசிநூல். யார் கேட்டாலும் ஒன்று கைமாறும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். பரீட்சைக்கு இரண்டு பேனா கொண்டுபோவான், வரும்போது ஒன்று இருக்காது. அப்பா இல்லாத பிள்ளை இவ்வளவு ஏமாளியாக இருந்தால் எப்படிப் பிழைப்பான் என்று கத்தியிருக்கிறேன்.

“ரெண்டு முப்பதை வாங்கிக்கிட்டா உனக்கு ஒரு நிமிஷம்தான்டா மிஞ்சும், அப்புறம் சூரியன் வந்துடும்னு தம்பி சொல்லியிருக்கான்,” என்றாள் டிகிரி. “அதுக்கு உங்க பையன், ‘எனக்கு ஒரு நிமிஷம் போதும்ணா. பத்து நிமிஷம் குடுத்தாலும் ஒம்பது நிமிஷம் எங்கம்மாதான் பேசுவாங்க’ன்னானாம்.”

நான் சிரித்துவிட்டேன். அவள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

(குறிப்பு: பெட்டி வழியாகப் பேசினால் குரல் மேலே போய்க் கீழே வர நேரம் பிடிக்கும். நீங்கள் பேசி முடித்து, மறுமுனையின் பதில் உங்கள் காதுக்கு வர அரை விநாடி ஆகும். அந்த அரை விநாடி பொறுக்காதவர்கள் ஒருவர்மேல் ஒருவர் பேசுவார்கள். மகன் எனக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தான். “பேசி முடிச்சதும் மனசுக்குள்ள ‘ஒண்ணு’ன்னு சொல்லும்மா. அப்புறம் என் குரல் வரும்.” ஒரு நாளும் நான் சொன்னதில்லை.)

கடைசியாக, அதற்கு முந்திய வாரம் பேசியபோது, “அம்மா, அடுத்த வாரம் நான்” என்று ஆரம்பித்தான். அதற்குள் நான் மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைப் பற்றி ஆரம்பித்திருந்தேன். இரண்டு பேரும் நிறுத்தினோம். “நீ சொல்லு.” “இல்லம்மா, நீ சொல்லு.” நேரம் முடிந்தது.

அடுத்த வாரம் நான்

அந்த வாக்கியம் ஆறு மாதமாக இப்படித்தான் நிற்கிறது. நேரம் மாற்றிக்கொண்டதைச் சொல்ல வந்திருப்பான் என்று செவ்வாய்க்கிழமைதான் புரிந்தது. ஒரு ‘ஒண்ணு’ சொல்லியிருந்தால், “அதெல்லாம் ஒண்ணும் குடுக்க வேணாம், உன் நேரத்துல நீ பேசு” என்று நான் சண்டை பிடித்திருப்பேன். நிச்சயமாகப் பிடித்திருப்பேன். என்னைத் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

7

(மணி ஒன்று ஐந்து.) முடிவுகளை எழுதிப் பார்த்தேன். மூன்று.

அ. என் மகனைக் கொஞ்சம் சுயநலக்காரனாக மாற்றினேன். “முடியாதுண்ணா, எங்கம்மா காத்துட்டிருப்பாங்க” என்று சொல்ல வைத்தேன். எட்டு தடவை எழுதினேன். எட்டு தடவையும் வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது. என் பாத்திரங்கள் எல்லோரும் நான் சொன்னபடி கேட்பார்கள், ஒரு வில்லனைக்கூட இரண்டே பக்கத்தில் திருத்தியிருக்கிறேன். இவனைக் கெடுக்க முடியவில்லை.

ஆ. சூரியனைத் தள்ளினேன். 2.31க்கு வருவது 2.41க்கு வந்தால் போதும், நேரத்தை யாரும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. வானம் ஒரு டிகிரி நகர நான்கு நிமிடமாம். எனக்கு வேண்டியது இரண்டரை டிகிரி. செத்துப்போன கதாநாயகனை நாற்பதாவது அத்தியாயத்தில் உயிரோடு கூட்டிவந்தவள் நான், பத்திரிகைக்கு நூறு கடிதம் வந்தது. மகன் கேலி செய்வான்: “உன் கதைல யாரும் உருப்படியா சாகவே மாட்டாங்களாம்மா?” இருந்தும் இந்தச் சூரியனை என்னால் நகர்த்த முடியவில்லை. கிண்ணத்தின் நடுவில் நிழல் விழுந்ததை அவள் கண்ணால் பார்த்துவிட்டாளே.

இ. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நேரம் மாறவில்லை, டிகிரியின் தம்பி ரோந்து போனான், பனி அவன்மேல் விழுந்தது. ஒன்றரைப் பக்கம். நன்றாகவே வந்தது, கை தடுமாறவே இல்லை. ஐந்து நாற்பதுக்கு என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. நான் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். எழுதி முடித்துவிட்டுத் திரும்பப் படித்தபோது, அந்தச் சிரிப்பு டிகிரியின் சிரிப்பாகவே இருந்தது. பட்டியல் ஒட்டிய ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ஒரு மருந்துக்கடைப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நான் வசனமே எழுதவில்லை. தாளைக் கிழித்துவிட்டேன்.

கிழித்த பிறகு ஒன்று தெரிந்தது. டிகிரியிடம் நான் மன்னிக்க எதுவுமில்லை. அன்று நிழலைப் பார்த்து அவள் சொன்னதை, அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். எல்லா முகாமுக்கும், எல்லா வீட்டிலிருந்தும், அதே வேண்டுதல்தான் அந்தப் பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். அது, பாவம், எல்லாவற்றையும் வாங்கித் திருப்பித் தருகிறது.

8

(மணி ஒன்று ஐம்பது.) அவள் கேட்டது என்ன என்று சொல்கிறேன்.

மாற்றிக்கொண்ட இரண்டு பத்து, அவள் தம்பியிடமே தங்கிவிட்டது. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. வியாழக்கிழமைதோறும் வீட்டுக்கு எண்ணைச் சுழற்றுவான். அவன் மனைவி எடுப்பாள். பேச மாட்டான். பத்து நிமிடமும் லைன் பச்சையாக இருக்கும், குரல் இருக்காது. அவளும் காதில் வைத்துக்கொண்டே இருப்பாள். ஆறு மாதமாக இப்படி. போன வாரம் முதல்முறையாக வாயைத் திறந்து, நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டிருக்கிறான்: “ஸ்பேரோட அம்மாவைக் கூப்பிடலாமா?”

“இந்த வியாழக்கிழமை ரெண்டு பத்துக்கு உங்களைக் கூப்பிடச் சொல்லட்டுமா?” என்று டிகிரி கேட்டாள். “வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. கூப்பிட மாட்டான்.”

நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேச்சே இல்லாமல் நான் இருப்பது அபூர்வம்.

“நீங்க ஒண்ணும் சொல்லலேன்னா கூப்பிடச் சொல்றேன். எடுக்கறதும் எடுக்காததும் உங்க இஷ்டம்.”

கையிலிருந்த தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இந்தப் பருவத்தின் சூரியப் பட்டியல். இன்றைய தேதிக்கு நேரே: 2.15 முதல் 2.22 வரை. ஆக, பேசினால் ஐந்தே நிமிடம். அதற்குமேல் நான் திட்டினாலும் அவன் அழுதாலும் சூரியன் வந்து மூடிவிடும். எனக்காகவே போட்ட கணக்கோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. அவள் கணக்கில் அப்படியெல்லாம் செய்ய மாட்டாள்.

9

இரண்டு மணி ஆகிவிட்டது. தொலைபேசியை எழுதும் மேசைக்கே கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

இந்தக் கதைக்கு முடிவு வேண்டும் என்றால் நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். எடுக்காமல் விட்டாள், மணி அடித்து ஓய்ந்தது என்று எழுதலாம். எடுத்தாள், “உன்னாலதானேடா” என்று கத்தினாள் என்று எழுதலாம். அதற்கு எனக்கு உரிமை உண்டு, யாரும் குறை சொல்ல முடியாது. எடுத்தாள், “சாப்பிட்டியாப்பா” என்று கேட்டாள் என்றும் எழுதலாம். தொடர்கதை படிப்பவர்களுக்கு அதுதான் பிடிக்கும். அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாது. நான் என்ன சொல்வேன் என்பது அதைவிடத் தெரியாது.

தெரிந்தது ஒன்றுதான். எடுத்து ஹலோ என்று சொன்ன பிறகு அரை விநாடி இருக்கிறது. அந்தக் குரல் வந்து சேரும்வரை மறுமுனையில் யார் என்பது எனக்குத் தெரியாது. அதே முகாம், அதே தொலைபேசி, அதே இரண்டு பத்து. அந்த அரை விநாடிக்கு அவன் இருக்கிறான். ஆறு மாதத்தில் எனக்கு வேறு யாரும் அவ்வளவு நேரம் அவனைத் தரவில்லை.

டிகிரி, நீ எப்போதாவது இதைப் படித்தால்

அடிக்கிறது.

இரண்டு பத்து. ஒரு விநாடி முன்னப்பின்ன இல்லை.

இடது கையால் எடுத்துவிட்டேன். வலது கையில் பேனா. ஹலோ என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை குறுக்கே பேச மாட்டேன் கண்ணா, நீ சொல்லு.

ஒண்ணு.